முர்காவின் முதுகில் என் சீர்க் கம்பளி

அம்மா, இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன்னோடு அங்கே வேலை பார்க்கும் லெனுத்சா அக்காவுக்குக்கூட வேண்டாம், அவள் தன் தங்கையிடம் சொல்வாள், அது ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் அத்தையின் காதுக்கு வந்துவிடும். இங்கே நாங்கள் நலம், குதிரை முர்கா மட்டும் நலமில்லை. நீ பார்த்துக்கொள்ளும் இத்தாலிக் கிழவர் உன்னை இரவில் தூங்கவிடுகிறாரா? நான் லாயத்தில் உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் கோபிக்காதே, பயமாக இருக்கிறது.

போன வாரம் காட்டிலிருந்து மரம் இழுத்து வந்தபோது முர்கா வேர்வையில் நனைந்திருந்தாள். அப்பா வைக்கோல் போரை மூடும் பிளாஸ்டிக் தாளை அப்படியே அவள்மேல் போட்டுவிட்டார். வேர்வை உள்ளேயே நின்று குளிர்ந்து, மறுநாளே இருமல் பிடித்துக்கொண்டது. நீ எனக்கு அனுப்பிய பஞ்சுப் போர்வையை இன்று போட்டுப் பார்த்தேன், அது பனிமழையைக் குடித்துக் கனத்து வயிற்றுக்குக் கீழே சரிந்துவிட்டது. வியோரிக்கா அத்தை சிரித்தாள். "குதிரைக்குப் போர்வையா? அப்படியே காலுறையும் மாட்டி கோவிலுக்குக் கூட்டிட்டுப் போடி" என்றாள். அப்பா சிரிக்கவில்லை. "இருமுற குதிரை மரம் இழுக்காது. நாளைக்குக் காலையில வியாபாரி வரான், கறிக்குத்தான் கேக்குறான், குடுத்துடப் போறேன்" என்றார்.

அதனால்தான் சீர்ப் பெட்டியைத் திறந்தேன். என் கல்யாணத்துக்கென்று நீ நெய்து, தண்ணீர் புகாதபடி ஆற்றுச் சுழலில் போட்டு இறுக்கினாயே, அந்த வெள்ளைக் கம்பளி. ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், முத்து முத்தாக உருண்டு ஓடியது. கழுத்திலிருந்து வால்வரை அளவும் சரி, ஆனால் நெஞ்சில் கட்ட வழியில்லை, கத்திரிக்கோலால் வெட்டித் தோல் பட்டை தைத்தேன். நீ தைத்த ரோஜா நடுவில் பிளந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க மாட்டேன் அம்மா. கம்பளி இல்லையென்று என்னை வேண்டாம் என்கிறவன் எனக்கும் வேண்டாம். இப்போது உள்ளே கை விட்டுப் பார்த்தேன், ரோமம் காய்ந்து கதகதப்பாக இருக்கிறது. போர்த்தியதிலிருந்து ஒரே ஒருமுறைதான் இருமினாள்.

அப்பா போனில் கத்தினால், "நான்தான் வெட்டச் சொன்னேன்" என்று நீ சொல்லிவிடு. பொய்தான், இந்த ஒரு பொய்யை எனக்காகச் சொல். கதவை உள்ளே தாழிட்டிருக்கிறேன், விடிந்து வியாபாரி வந்தால் என்னையும் சேர்த்துத்தான் இழுத்துப் போக வேண்டும். ஈரத்தலையோடு வெளியே போகாதே. மாதா உன்னோடு இருக்கட்டும். கடிதத்தை இத்தாலிக்கு வரும் வேன்காரரிடம் கொடுத்துவிடுவேன், உன் மகள் சவேத்தா

அம்மா, கதவு தட்டும் சத்தம். அப்பாதான். "பெட்டி தெறந்து கெடக்கு, என்னடி பண்ணின?" என்கிறார். முர்கா காதைத் திருப்பி என்னைப் பார்க்கிறாள். திறக்க மாட்டேன்