அவள் இலையில் நான் போட்ட சோறு

தை, கடைசி ஞாயிறு. இரவு.

முட்டியில் ஐஸ் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இன்று எங்கள் ஏரிக்கரைத் திடலில் தாமல் ஊர்ப் பெண்களோடு ரக்பி. விசில் ஊதியதும் பந்தைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினேன். அவர்கள் அணியின் கவிதா பின்னாலிருந்து மோதித் தள்ளினாள். விழுந்து கிடந்த என் முட்டியை மிதித்துவிட்டுத்தான் போனாள். நடுவர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் சேர்ந்து சாப்பிடுவது எங்கள் கிளப் வழக்கம். கடைசியாகத் தன்னைக் கீழே தள்ளியவளுக்கு ஒவ்வொருத்தியும் தன் கையால் பரிமாற வேண்டும். திடலில் வந்த கோபம் வீடு வரை வரக்கூடாது என்று, கிளப் தொடங்கிய வருடம் நான்தான் இதைக் கொண்டுவந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கவிதா இலை முன் உட்கார்ந்திருந்தாள். நான் சாம்பார் வாளி பக்கமே போகவில்லை. எங்கள் கேப்டன் நந்தினி என்னிடம் வந்தாள்.

"இன்னாக்கா, அவ எலை காலியா கீது. நீ வச்ச பயக்கந்தான இது?"

நொண்டிக்கொண்டே போய்ச் சோறு போட்டுச் சாம்பார் ஊற்றினேன்.

"முட்டி எப்டி கீது?" என்றாள் கவிதா, தலையைத் தூக்காமல்.

"நல்லா கீது. சாப்புடு."

இரண்டாம் முறையும் சாம்பார் கேட்டாள். ஊற்றினேன்.

அடுத்த மாதம் தாமலில் ஆட்டம். அங்கேயும் சாப்பாட்டுக்கு இதே வழக்கம்தான். வழக்கத்தை நான் மாற்றப் போவதில்லை. அங்கே அவள் நொண்டிக்கொண்டு வந்து எனக்குப் பரிமாறுவாள்.