சிரட்டையால் அளந்த தண்ணீர்

உரும்பிராய்
18.02.1991

அன்பு மகன் கனிசியசுக்கு,

மாதாவின் புண்ணியத்தில் நாங்கள் சுகம், பிரான்ஸ் குளிரில் நீயும் சுகமாயிருக்க வேண்டுமென்று செபமாலை சொல்லும்போதெல்லாம் உன்னைத்தான் நினைக்கிறேன். ஷெல்லடிக்குப் பயந்து விட்டு வந்த குருநகர் வீட்டுக்கு இன்னும் திரும்ப முடியவில்லை, இந்த ஊர் சிவக்கொழுந்து அக்காவின் வீட்டு வளவில்தான் இருக்கிறோம். தங்கச்சி பெர்னடெட்டுக்குப் பால் போதவில்லை, பால்மா எங்கேயும் இல்லை, அவளின் கைக்குழந்தை, உன் மருமகன், அழுதழுது தொண்டை கட்டிப்போனான். அக்காதான் பாவம் பார்த்துத் தன் கறவை ஆட்டை அவிழ்த்துத் தந்தா. கடலை விட்டால் ஒன்றும் தெரியாத உன் அப்பா, விடிய எழும்பி ஆட்டுக்கு வேலியில் முள்முருக்கங்குழை ஒடிக்கிறதும் புண்ணாக்கை இடித்துத் தவிட்டோடு பிசைகிறதும், எனக்குக்கூட அந்த மனுசன் அப்படிப் பார்த்துப் பார்த்துத் தந்ததில்லை. ஆனால் பால் குறைந்துகொண்டே வந்தது, கடைசியில் பிள்ளைக்கு ஒரு நேரத்துக்கும் காணாது. நாவூறு, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று செத்தல் மிளகாய் சுற்றி எரித்தும் பார்த்தேன், பங்குச் சுவாமியாருக்கு எழுதிவிடாதே. பெர்னடெட் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்ப்பாள்.

பிறகு அக்கா வந்து ஆட்டின் தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, தண்ணி எவ்வளவு வைக்கிறியள் என்று கேட்டா. அப்பா பெருமையாக, காலமை ஒரு தேங்காய்ச் சிரட்டை, பின்னேரம் ஒரு சிரட்டை, ஒரு துளி சிந்த விடமாட்டன் என்றார். உனக்குத் தெரியும்தானே, கடலில் ஒரு பீப்பா நல்ல தண்ணீரை எல்லோருமாக அளந்து குடித்துப் பழகின மனுசன், அதோடு ஊரார் கிணறு என்ற கூச்சம் வேறு. அக்காவுக்கு வந்ததே கோபம், காய்ஞ்ச புண்ணாக்கைத் தின்னக் குடுத்துப்போட்டுத் தண்ணியை அளந்தா பால் எங்காலை வரும், இதென்ன கடலிலை போற வள்ளமே என்று ஏசிக்கொண்டு ஒரு வாளி நிறைய அள்ளி வைத்தா. ஆடு தலையை எடுக்கவேயில்லை. அப்பா அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார், கண் கலங்கிவிட்டது. ஒரு கிழமையில் பால் திரும்பி வந்தது, பிள்ளை இப்போது வயிறு நிறைந்து சிரிக்கிறான். இப்போதெல்லாம் ஆடு மடக்மடக்கென்று குடிக்கிற சத்தத்தைக் கேட்டபிறகுதான் அப்பா படுக்கப் போகிறார்.

ஒரு நாளைக்கு ஒரு நேரம் பாண் துண்டோடு சமாளிக்கிறேன் என்று நீ எழுதியதை வாசித்த அன்று அவர் சோற்றைத் தொடவில்லை. ஆண்டவர் உன்னைக் கைவிடமாட்டார், மாதா உன் பக்கத்தில் நிற்பா. கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே. அப்பாவைப்போல அளந்து அளந்து வயிற்றைக் காயவிடாதே மகன், நீ சாப்பிடுகிற சத்தம் எங்களுக்கு இங்கே கேட்காது.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
நீ. அற்புதராணி