ஆண் நண்டு இல்லாத ஓடை

அக்டோபர் 14, செவ்வாய்

காலையில் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து லெட்சுமி வந்தாள். மேலே உருளைக்கிழங்குத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கத் தொடங்கியதிலிருந்து லயத்து ஆட்கள் ஓடைத் தண்ணீரைக் குடிப்பதில்லை.

"டீச்சரம்மா, ஓடையில தாய் நண்டு வயித்துல குஞ்சோட திரியுதுங்க. இனிமே குடிக்கலாங்களா? மருமவ மாசமா இருக்கா, தூரத்துல இருந்து தண்ணி சுமக்க முடியல."

"குஞ்சு பொரிச்சிருந்தால் தண்ணி சுத்தம்தான்" என்றேன். விலங்கியல் கற்பித்தவள் சொன்னால் அவளுக்கு வேறென்ன வேண்டும்?

மாலையில் என் கணவரின் தங்கை மகள் ஜெயந்தி அதே ஓடையிலிருந்து ஒரு தாய் நண்டைக் கொண்டுவந்தாள். நன்னீர் நண்டுதான் அவளுடைய ஆராய்ச்சி. சாப்பாட்டு மேசையில் அவள் நுண்ணோக்கியை வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பார்த்தேன். தாய் நண்டின் உடலிலிருந்து எடுத்த உருண்டையான விந்தணுக்கள், ஓர் உறைக்குள் பல.

"வாலே இல்லை மாமி. நீந்தாது. தாய்க்குள்ள மாதக்கணக்கா இருக்கும். எந்த நண்டு எந்த வம்சத்தில வந்ததெண்டு மேலோட்டைவிட இதுதான் சரியாச் சொல்லும்."

"அப்ப இந்தக் குஞ்சுகளுக்குத் தகப்பன்?"

"முந்தியே மருந்தில செத்திருக்கும். கிழமை முழுக்கத் தேடினன், ஒரு ஆண் நண்டும் இல்லை. குஞ்சைப் பார்த்து ஓடை நல்லாயிருக்கெண்டு ஒருத்தரும் நம்பிடக் கூடாது."

நான் நம்பியதை அவளிடம் சொல்லவில்லை. லயத்துக்கு நானே போகப் புறப்பட்டேன், மழை பிடித்துக்கொண்டது. ஜெயந்தியை அனுப்பியிருக்கலாம். நான் சொன்னதை இன்னொருத்தி போய்த் திருத்துவதா என்று விட்டுவிட்டேன். விடிந்ததும் போவேன். இந்நேரம் லெட்சுமியின் மருமகள் குடித்திருப்பாள்.