எந்த எண்ணெய் என்று கேட்டீர்களாம்

ஒரத்தநாடு,
ஐப்பசி, சனிக்கிழமை.

மதிப்புக்குரிய சம்பந்தி தங்கம்மாள் அவர்களுக்கு, பூவிழியின் அம்மா செவ்வந்தி வணக்கத்துடன் எழுதுவது.

மாரியம்மன் புண்ணியத்தில் நாங்கள் நன்றாக இருக்கிறோம். நீங்கள் நன்றாக இல்லை என்று, நீங்கள் தூது அனுப்பிய துரைக்கண்ணு அண்ணன் வந்து சொன்னார். ஆடியில் பித்தப்பை ஆபரேஷன் ஆனதாம். இப்போது சீப்பு வைத்தாலே முடி கொத்தாக வருகிறதாம். கார்த்திகையில் சின்ன மகன் வளவன் கல்யாணத்துக்கு எப்படி மேடையேறுவது என்று அழுதீர்களாம். பூவிழிக்கு முடி திரும்ப வந்தது எந்த எண்ணெயால் என்று கேட்டதையும், அவளைக் கல்யாணத்துக்கு அனுப்பச் சொன்னதையும் சொன்னார். போனில் பேசினால் எனக்கு அழுகை வரும், அதை நீங்கள் சமாதானம் என்று எடுத்துக்கொள்வீர்கள். அதனால் எழுதுகிறேன்.

எண்ணெய் எதுவும் இல்லை. ஒவ்வொரு முடியும் சில வருஷம் வளரும். பிறகு இரண்டு மூன்று மாதம் வளராமல் சும்மா நிற்கும், அப்புறம் உதிரும். அடியிலிருந்து புதுசு முளைக்கும். பெரிய காய்ச்சலோ ஆபரேஷனோ வந்தால் நிறைய முடி ஒன்றாக வளர்ச்சியை நிறுத்திவிடும். ஊர் வயல் முழுக்க ஒரே நாளில் அறுப்புக்கு வந்த மாதிரி, மூன்று மாதம் கழித்துக் கொட்டும். வேர் சாகாது. தானே வளரும்.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. போன வருஷம் புரட்டாசியில் பூவிழிக்கு டெங்கு வந்து, மார்கழியில் முடி கொட்டியபோது தஞ்சாவூர் டாக்டர் சொன்னது. பக்கத்து நாற்காலியில் உங்கள் பெரிய மகன், என் மாப்பிள்ளை, தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. தையில் வளவன் நிச்சயதார்த்தத்தன்று, பெண் வீட்டார் கண்ணில் படக்கூடாது என்று அவளை உர மூட்டை அறையில் உட்கார வைத்தீர்களே, அன்றைக்கும் சொல்லவில்லை. பெரிய மருமகள் எடுக்க வேண்டிய ஆரத்தியை வேறொருத்தி எடுத்தாள். சபை கலைந்ததும் என்னைக் கூப்பிட்டு, "சீக்க மறைச்சு எங்க தலையில கட்டிட்டீங்க, கூட்டிட்டுப் போங்க" என்றீர்கள். மாப்பிள்ளை செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்களுக்குக் கொட்டுவதும் அதேதான். பூவிழியை உர அறையில் ஒளித்தீர்கள். கல்யாண மாப்பிள்ளையைப் பெற்றவளை எந்த அறையிலும் ஒளிக்க முடியாது. வீடியோக்காரர் விளக்குப் போட்டுப் பிடிப்பார்.

பூவிழியிடம் கேட்டேன். நெற்றியோரத்தில் புதுமுடி பின்னலுக்கு அடங்காமல் நிற்கிறது. அதை ஒதுக்கிக்கொண்டே, "நான் போகலம்மா. பெரிய மருமக எங்கன்னு சபையில கேப்பாங்கள்ல, அத்தையே தன் வாயால சொல்லட்டும்" என்றாள். நான் வற்புறுத்தவில்லை. இனியும் மாட்டேன்.

சாபம் விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை புன்னைநல்லூர் போய் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். முடி முழுசும் திரும்ப வரட்டும் தாயே, கல்யாணம் முடிந்து வந்தால் போதும், அவசரமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வரப்போகும் பெண்ணுக்கு என் ஆசீர்வாதம். உங்கள் வீட்டில் இருக்கும்வரை அவளுக்கு ஒரு காய்ச்சலும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
செவ்வந்தி