பித்தளைக் கிண்ணத்துத் தண்ணீர்

உவாஜிமா, ஆகஸ்ட் 24

அன்புள்ள சோஜிக்கு,

அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. நீ அங்கே நார்வேயில் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருக்க வேண்டும். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. உன் அப்பா போன பிறகு வந்த முதல் ஓபோன் பண்டிகை, போனவர்கள் வீடு வந்து போக விளக்கேற்றி, வந்தவர்களுக்கெல்லாம் சோமேன் நூடுல்ஸ் போட்டு அனுப்பி, ஓய்ந்துபோய்விட்டேன். தனியாக உட்கார்ந்து சாப்பிட இன்னும் பழகவில்லை, பாதி நாள் நின்றபடியே சோற்றில் டீயை ஊற்றி விழுங்கிவிடுகிறேன்.

இதைப் படித்துவிட்டுத் திட்டாதே. அப்பாவின் பவளத்தை நானே கொல்லப் பார்த்தேன். யாருக்காவது குடுத்துத் தலைமுழுகிடும்மா என்று நீ போனில் சொன்னாய். பதினாலு வருஷம் அவர் உப்புத் தண்ணீர்த் தொட்டியில் வளர்த்தது, இந்த வகைக்கு ஒரு வாய்தானாம், இதற்கு இரண்டு, ஒசாகாவிலிருந்து வந்து கேட்டவர்களுக்கே அந்த மனிதர் மசியவில்லையே, நான் எப்படிக் கொடுப்பேன்? தினமும் காலையில் வற்றிய அளவுக்குச் சுத்தத் தண்ணீர் விடுவேன், சாயங்காலம் இரண்டு வாய்க்கும் இறால் துண்டு வைப்பேன். ஜூனில் சதை சுருங்கி, ஓரத்தில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. உப்பு பார்த்தேன், சூடு பார்த்தேன், எல்லாம் சரி. சத்தியமாகச் சொல்கிறேன், செத்துத் தொலைந்தால் நிம்மதி என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். நினைத்துவிட்டு அழுதேன்.

மீன் தொட்டிக் கடை ஒகுடாவைக் கூப்பிட்டேன். தண்ணீரைச் சோதித்துவிட்டு, அக்கா, இதுல செம்பு ஏறியிருக்கே, என்னத்த ஊத்துனீங்க என்றார். ஒன்றும் இல்லை என்றேன். அவர் குடைந்து குடைந்து கேட்டபோதுதான் சொன்னேன், மாடத்தில் அப்பா படத்துக்கு முன்னால் கிண்ணத்தில் வைக்கிற தண்ணீரை மறுநாள் செடிக்கு ஊற்றாமல், அவர் தண்ணீர் அவர் பவளத்துக்கே போகட்டும் என்று புதுவருஷத்திலிருந்து தொட்டியில் விடுகிறேன் என்று. ஒகுடா எழுந்துபோய் அந்தப் பித்தளைக் கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தார். பித்தளையில பாதிக்கு மேல செம்புதான்க்கா, ஒரு நாள் நின்னா தண்ணியில எறங்கிடும், மீன் தாங்கும், பவளத்துக்கு வெஷம், நல்ல ஆளு நீங்க, பாசத்த ஊத்தியே சாகடிக்கப் பாத்தீங்களே என்று சிரிக்கப் போனவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தொட்டித் தண்ணீர் முழுவதையும் மாற்றிவிட்டு, பவளத்தை வாளியில் வைத்துத் தன் கடைக்குக் கொண்டுபோனார். முதல் வாரம் முழங்காலுக்கு ஓய்வு என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் சாயங்காலமானால் கை தானாக இறாலைத் தேடியது.

நேற்று ஒகுடா வந்தார். செத்த பக்கத்தை அறுத்து எடுத்துவிட்டாராம். ஒரு வாய் போச்சுக்கா, இன்னொண்ணு பொழச்சுக்கிச்சு, இனிமே இது அபூர்வமும் இல்ல ஒண்ணும் இல்ல, முடியலேன்னா நானே வெச்சுக்கறேன் என்றார். அது தனியாகச் சாப்பிடுகிறதா என்று கேட்டேன். மூணு நாளா எடுக்குது என்றார். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

மாடத்தில் இப்போது பீங்கான் கிண்ணம். அக்டோபரில் அப்பாவின் முதல் வருஷ நினைவு நாள், இப்போதே லீவு சொல்லிவை, மறந்துவிடாதே. அவர் ஆசியும் என் ஆசியும் எந்த ஊரிலும் உன்கூடவே இருக்கும். நீயும் நின்றுகொண்டு சாப்பிடாதே. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நானும் தொட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, உட்கார்ந்துதான் சாப்பிடப் போகிறேன்.

உன் அம்மா,
ஃபுமியே