இருபத்தேழாம் வரிசையின் தண்டு

அன்புள்ள அண்ணா,

பிரியம் குறையவில்லை. என் குறைகள் கீழே, தேதிவாரியாக.

1. டிசம்பர் 14. வாடல் நோய்க் கிருமி கலந்த மண்ணில் நீ நட்ட உருளைக்கிழங்கு வரிசைகளில் இருபத்தேழாவது மட்டும் வாடாமல் நின்றது. அப்படி நிற்கும் எந்த வரிசையும், உள்ளே கிருமி ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கும் தண்டுச் சோதனைக்குக் கீழ்த்தளத்தில் என் மேஜைக்கு வர வேண்டும் என்பது நம் ஆராய்ச்சிக்கூடத்தின் வழக்கம். இது வரவில்லை. கேட்டதற்கு, “நானே பாத்துக்கறேன்டா, உனக்குத் தலைக்கு மேல வேலை” என்றாய்.

2. மார்ச் 3. நோய் தாங்கும் ரகம் என்று அதைப் புது ரகங்களை வெளியிடும் குழுவுக்குப் பரிந்துரைத்தாய். சோதனை முடிவுக்கான கட்டம் காலியாக இருந்தது. நீ என்பதால் எவரும் கேட்கவில்லை.

3. மார்ச் 19. என்னிடம் ஒன்றும் சொல்லாமல் இறந்துபோனாய்.

4. ஜூலை 9. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

செம்பூர் வீட்டுப் பால்கனியில் இருபத்தேழை நீ வளர்த்த தொட்டியில் மன்னி தக்காளி நட்டிருந்தாள். அவை மதியத்தில் பச்சை மாறாமல் தலை சாய்ந்தன, மாலையில் நிமிர்ந்தன. “யாரோ கூப்பிட்ட மாதிரி எழுந்துக்கறது ரமணி,” என்றாள். “சரியா அவர் ஆபீஸ்லேர்ந்து வர்ற நேரத்துக்கு.” நான்காம் நாள் எழவில்லை.

அவற்றின் நடுவே, நீ விட்டுப்போன கிழங்கிலிருந்து தானாக முளைத்த ஒரு செடி. ஓர் இலைகூடத் துவளவில்லை. அதன் தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீரில் தொங்கவிட்டேன். அசையாத நீரில், வெட்டு வாயிலிருந்து ஒரு வெள்ளை இழை நேராக இறங்கியது. பிறகு இன்னொன்று. ஒரு நாளும் நோய்ப்படாத செடி அண்ணா, உள்ளே முழுக்கக் கிருமி. அது சாகாது. பக்கத்தில் நடுவதையெல்லாம் சாகடிக்கும்.

மன்னி உன் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தாள். டிசம்பர் 14, உன் கையெழுத்து: ‘இழை இறங்கியது. மறுபடி பார்க்க வேண்டும்.’ அடுத்த தாள் கிழிக்கப்பட்டிருக்கிறது. கிழித்தது யார்?

“அவர் பேர்ல வரப்போறது இது ஒண்ணுதான்,” என்றாள் மன்னி. “அதையும் நீயே நிறுத்திடுவியா?”

“நிறுத்தலேன்னா இந்தக் கிழங்கை வாங்கி நடறவாளோட நிலம் போயிடும் மன்னி. அப்புறம் அதுல தக்காளி, கத்திரி எது நட்டாலும் வாடிடும்.”

தொட்டியைப் பார்த்தபடி கேட்டாள்: “அவருக்குத் தெரியுமா?”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

வெட்டிய இடத்துக்குக் கீழே அந்தச் செடி மறுபடி துளிர்த்திருக்கிறது. பிடுங்கச் சொன்னேன்; மன்னி பிடுங்கவில்லை. மாலை வேளைகளில் அதன் எதிரே உட்கார்ந்து பேசுகிறாள். நான் உள்ளே நுழைந்ததும் நிறுத்திக்கொள்கிறாள். நேற்று நுழைந்தபோது அவள் பேசவில்லை. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை குழு கூடுகிறது. விதைக்கிழங்கு ஒன்றுகூட வெளியே போகாது. அது நான் உனக்குத் தரும் வாக்கு. அதற்கு உன் சம்மதம் தேவையில்லை. என் கடிதத்தில் ‘தெரியாமல் நேர்ந்த பிழை’ என்று எழுதுவதா, ‘தெரிந்தே மறைத்தது’ என்று எழுதுவதா என்பது மட்டும் பாக்கி. ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் எழுத்தில் பதில் வேண்டும். மன்னி வழியாகச் சொல்லி அனுப்பாதே. எனக்கே எழுது.

உன் கூடப்பிறந்த ஒரே தம்பி,
ரமணி