முதலாளி பேர் போட்ட நாற்காலி

மார்ச் 4

கணுக்காலுக்கு மேல் இருக்கிற புண் ஏன் ஆறமாட்டேன் என்கிறது என்று டாக்டரிடம் கேட்டேன். "நிக்கிறதைக் குறைங்கம்மா" என்றார். துணிக்கடையில் சட்டை விற்பவளிடம்! எங்கள் கடையில் வாங்க வருபவர்கள் உட்காரலாம். குழந்தைகள் பிரிவில் ஒரு பொம்மைகூட உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் மட்டும் கூடாது. மாதக் கடைசியில் எனக்குப் பணி ஓய்வு, அதுவரை காலைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகவா?

இப்படியே விட்டால் நடக்கவே முடியாமல் போகும் என்றும் சொன்னார். பயமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 9

என்னோடு நிற்கும் சின்னவளுக்கு ஆறாம் மாதம். "அக்கா, கீழ்த்தட்டைப் பாக்கட்டுமா?" என்றாள். கவுண்டருக்குப் பின்னால் தரையில் கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளவா என்று அர்த்தம். சூப்பர்வைசர் வந்தால் நான் இருமுவேன். அவள் கையில் ஒரு சட்டையோடு எழுந்திருப்பாள். நாங்கள் எல்லோரும் இப்படித்தான் காலம் தள்ளினோம். இவ்வளவு நேர்த்தியாக அடுக்கிய கீழ்த்தட்டு வேறெந்தக் கடையிலும் இருக்காது.

ஆனால் அந்த வயிற்றோடு தரையில் உட்கார்ந்து எழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. நான் போனபின் யார் இருமுவார்கள்?

மார்ச் 15

முதலாளிக்கும் இந்த மாதமே ஓய்வு. கடையை மகனிடம் கொடுக்கிறார். முதலாளிக்கு என் வயசுதான், ஆனால் என் தம்பி என்றால் நம்புவார்கள். இன்று எங்களை வரிசையாக நிற்கவைத்து, தான் உட்கார்ந்துகொண்டு, ஆரோக்கியம் பற்றிப் பேசினார். "தினமும் நடங்க. நான் வீட்லயே மெஷின் வச்சு நடக்கிறேன்." அடுத்த மாதம் மலையேறப் போகிறாராம். எனக்குப் பஸ் ஏற முடிந்தால் போதும்.

மார்ச் 16

கட்டு மாற்றினேன். அப்படியேதான் இருக்கிறது.

மார்ச் 31

வழியனுப்பு விழா. எனக்கு என்ன பரிசு? நாற்காலி! யாருடைய மூளையோ, வாழ்க. நல்ல மரம், மெத்தை வைத்தது. முதுகில் தங்க எழுத்தில் முதலாளி பேர். என் பேர் இல்லை.

"உக்காருங்கம்மா, இனிமே ஓய்வுதானே" என்றார் சூப்பர்வைசர். உட்கார்ந்தேன். போட்டோ எடுக்கும் நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். சடாரென்று எழுந்துவிட்டேன். பழக்கதோஷம் — கால் நாற்காலியில் இடித்துக் கட்டெல்லாம் ரத்தம். போட்டோவில் முதலாளி என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், நான் பக்கத்தில் நிற்கிறேன். எல்லோரும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். ச்சே, எதுக்குடி எழுந்தே?

ஏப்ரல் 1

நாற்காலியை வீட்டுக்கு அனுப்பவா என்று சூப்பர்வைசர் போன் செய்தார்.

"வேண்டாம் சார். சட்டைப் பிரிவுல, கவுண்டருக்குப் பின்னாடியே இருக்கட்டும். முதலாளி நினைவா."

"அங்க எதுக்கும்மா? குடோன்ல போட்டுடறேன்."

"பெரியவர் பேர் போட்டது. குடோன்ல கிடந்தா மகன் என்ன நினைப்பார்?"

கடைசியில் "சரி" என்றார்.

மே 20

புண் பாதிதான் மூடியிருக்கிறது. இந்தக் கால் இனி பழைய கால் ஆகாது என்று டாக்டர் இன்று வாய்விட்டே சொல்லிவிட்டார். தலையணை மேல் காலை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முதலாளி மலையேறிய படம் கடை வாசலில் மாட்டியிருக்கிறதாம்.

சின்னவள் போன் செய்தாள். அவளும் மற்றவர்களும் மாற்றி மாற்றி உட்காருகிறார்களாம். பெரியவர் பேர் போட்ட நாற்காலியிலிருந்து எழுந்திரு என்று சொல்ல சூப்பர்வைசருக்கு வாய் வரவில்லையாம். தினமும் வந்து அந்தப் பேரைத் துடைத்துவிட்டுப் போகிறாராம்.

"ஆனா ஒண்ணு, அக்கா" என்றாள். "கீழ்த்தட்டெல்லாம் கலைஞ்சு கிடக்கு. யாருமே அடுக்கறதில்ல."